எதிர்காற்றில் இருபது கிலோமீட்டர்

டக்... டக்... டக்...

ஸ்டெல்லாவின் தம்பி சைக்கிளில் செயின் கவர் லூசு. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி இரைச்சலில் அது காதிலேயே விழாது. ஏரிக்கரை மேல் ஏறியதும்தான் கேட்கும்.

நேற்று ஆபீஸ் குரூப்பில் ஒருவர், "இந்தப் பக்கம் டிராஃபிக் இல்லாம சைக்கிள் ஓட்ட ரூட் இருக்கா?" என்று கேட்டிருந்தார். அதிலிருந்து மண்டைக்குள் அந்த டக் டக்தான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு ஊர் சாத்தூர் பக்கம். ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டல். ஹாஸ்டல், கம்பெனி பஸ், அசெம்பிளி லைன், மறுபடி பஸ், ஹாஸ்டல்... ஆறு மாதத்தில் நான் பார்த்த ஊர் அவ்வளவுதான். லைனில் என் பக்கத்தில் நிற்பவள் ஸ்டெல்லா, உள்ளூர்ப் பெண். ஒருநாள் கேட்டாள்.

"இன்னாடி, எப்பப் பாரு ரூம்லயே கீற? பாலாறு பாத்துகீறியா?"

"இங்க ஆறெல்லாம் இருக்கா?"

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்படித்தான் ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அவளுக்கு அவள் சைக்கிள், எனக்குத் தம்பி சைக்கிள். ஹாஸ்டலிலிருந்து வெளியே போக அவுட்பாஸ் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. ஆறு அடித்தால் வார்டன் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, வராதவர்கள் வீட்டுக்குப் போன் போடுவார்.

அந்தப் போன் எங்கள் வீட்டுக்குப் போனால் என் கதை முடிந்தது. அப்பா என்னை வேலைக்கு அனுப்பியதே அரை மனதாக. "ஒரு புகார் வந்தாலும் பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு வந்துரணும்" என்று பஸ் ஏற்றும்போதே சொல்லியிருந்தார். ஊரில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வேறு.

அதனால் கணக்காகத்தான் கிளம்பினேன். அந்த வாரம்தான் சூப்பர்வைசர் முதல் தடவையாக என் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எடுக்கச் சொல்லியிருந்தார். அந்த மிதப்பு எனக்கு.

ஏரிக்கரை... அப்புறம் கால்வாய் ஓரம் மண் பாதை... அப்புறம் வயல்களுக்கு நடுவே ஒற்றைத் தார் ரோடு. எதிரில் வந்தது மொத்தமே ஒரு டிராக்டர், நாலு எருமை. சைக்கிள் தானாக ஓடியது. பாலாறு போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம்.

அகலமாக மணல், நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் காலை வைத்துக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுத் தக்காளி சாதம் சாப்பிட்டோம். வந்த ஆறு மாதத்தில் அன்றுதான் இந்தப் பக்கம் எனக்குப் பிடித்துப்போனது.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா எழுந்தாள். "கெளம்பலாம்டி, லேட்டாவுது."

"வந்ததுக்கு ஒன்னே முக்கா மணி நேரம். லைன்ல வைக்கிற மாதிரி பத்து பர்சென்ட் கூட வச்சிட்டேன். நாலு மணிக்குக் கிளம்புனா போதும்ல?"

அவள் அதுவரை அவங்க அப்பா பைக்கில்தான் ஆற்றுக்கு வந்திருக்கிறாள். என் கணக்கை நம்பிவிட்டாள்.

கரை ஏறித் திரும்பியதும் முகத்தில் அறைந்தது காற்று. கிழக்கே, கடல் பக்கத்திலிருந்து. காலையிலும் இதே காற்றுதான்... அப்போது முதுகில் இருந்தது. நான் அதை என் கால் பலம் என்று நினைத்திருக்கிறேன்! போகிற பக்கம் மட்டும் டைம் எடுத்து, வருகிற பக்கத்துக்கும் அதையே எழுதி வைத்த புத்திசாலி.

வெட்டவெளி. மறைக்க ஒரு மரம் கிடையாது. மிதித்து மிதித்துத் தொடை நடுங்கியது. ஐந்து மணிக்குப் பாதி தூரம்கூட வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மெயின் ரோட்ல போயிருவோமா? சீக்கிரம் போயிரலாம்."

"லாரிங்க நடுவுல இந்தக் காத்துல ஓட்டுவியா நீ? ஒரு போனுக்குப் பயந்துகினு உசுர வுடுவியா? மூடிக்கினு என் பின்னாலயே ஒட்டிக்கினு வா."

அவள் முதுகு மறைத்ததில் கொஞ்சம் மிதிக்க முடிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியதும் நான் முன்னால் போனேன். ஹாஸ்டல் வரை இப்படியே மாறி மாறி.

ஆறே முக்கால். வார்டன் அக்கா போனை நீட்டினார். அப்பா.

"எங்க போன?"

பொய் சொல்லக்கூட மூச்சு இல்லை. "ஸ்டெல்லாகூட பாலாறு பாக்கப் போனேம்ப்பா. சைக்கிள்ல. வரும்போது எதிர்காத்து..."

நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வருஷக்கணக்காகச் சைக்கிள் மிதித்த மனுஷன் அவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை.

"எம்புட்டு தூரம்?"

"ஒரு பக்கம் இருபது கிலோமீட்டர் இருக்கும்ப்பா."

"கூறுகெட்டவளே... போகும்போது எதிர்காத்துல போகணும். வரும்போது காத்து முதுகுல இருக்கணும். அடுத்த தடவ அப்படிப் போ."

அடுத்த தடவை! அதைக் கேட்டதும் வார்டன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரம் அவுட்பாஸ் கட். மூன்றாவது வாரம் கிழக்கே மணிமங்கலம் பக்கம், அடையாறு கிளம்புகிற ஏரிகளைப் பார்க்கப் போனோம். ஐந்தே காலுக்கெல்லாம் ஹாஸ்டல்.

குரூப்பில் கேட்டவருக்குப் பதில்: பாலாற்று ரூட் இன்னும் பாதி இருக்கிறது. கால்வாய் ஓரம் மனை போட்டுக் கேட் வைத்துவிட்டார்கள், சுற்றித்தான் போக வேண்டும். வயல் ரோடு அப்படியே இருக்கிறது.

நான் இப்போது படப்பையில் வீடு, வேலைக்குக் கார். ஸ்டெல்லா மறைமலை நகரில் வேறு கம்பெனி. சைக்கிள் மிதித்து வருஷமாகிறது.

அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் இன்னும் முதல் கேள்வி, "காத்து எந்தப் பக்கம் அடிக்கி?"

போன வாரம் கேட்டபோது சிக்னலில் நின்றிருந்தேன். பதில் சொல்ல, கார் கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.