பேர் எழுதிய நாற்காலிகள்

கொழும்புக் கோட்டைப் பகுதியில் விளக்கேற்றுகிற நேரத்தில் ஒரு பெருங்கூட்டம் கடைகளுக்குப் போகிறது. கடை வாசல் வரைக்கும்தான் போகிறது, உள்ளே நுழைவதில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பீங்கான், தொப்பி, கடிகாரம், குடை என்று ஒழுங்காக அடுக்கி, அவற்றுக்கு மட்டும் தனியாக வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். நான் வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் பொடிநோனா என்னையும் அப்படி அழைத்துப் போனாள். ரோஜா நிறக் கண்ணாடி போட்ட ஒரு மேசை விளக்கின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். வாங்கப் போவதில்லை என்றால் இதை ஏன் பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கைக் காட்டி, "மொகடத?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்டதாக நினைப்பு. அவளோ என் கையைத் தட்டிக்கொடுத்து, "லபன அவுருத்தே, நோனா" என்றாள். அடுத்த வருஷம், அம்மா என்று அர்த்தமாம், என் கணவர் வீட்டில் சொல்லிச் சிரித்தார். விளக்கு எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் அழாத குறையாகக் கேட்டதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் வாக்குப் பலித்தது. அந்த விளக்கு இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. வாங்கிய வாரம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் அது நிற்கிற மேசை நன்றாயில்லை என்று தோன்றியது. மேசை மாறியதும் திரைச்சீலை கண்ணை உறுத்தியது. என் கணவர் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்க்கிறார். இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புவது என்றுதான் வந்தோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எடுத்ததற்கெல்லாம் சொல்கிறவர் அவர். அப்படிச் சொல்லிக்கொண்டே அக்கரையில் இருக்கிறார், நானும் கூடவே இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் சாமான் பெருகிவிட்டது, மனதில் நிறைவு குறைந்துவிட்டது, அந்தக் காலத்து ஜனங்கள் கஞ்சி குடித்தாலும் திருப்தியாய் இருந்தார்கள் என்று பிரசங்கத்திலும் பத்திரிகையிலும் அடிக்கடி வருகிறது. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றுப் பாசனத்தில் வாழையும் மேட்டில் பனையுமாக இருக்கும் சிற்றூர். என் தாயாருக்கு வேதக்கோவிலுக்கு உடுத்த ஒரே சேலை. சனிக்கிழமை தாமிரவருணியில் துவைத்து, ஞாயிற்றுக்கிழமை உடுத்தி, வீட்டுக்கு வந்ததும் மடித்து வைப்பாள். மழை பெய்து சேலை காயாத சனிக்கிழமைகளில் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். திருப்தி அங்கே எங்கே இருந்தது? மிஷன் பங்களா துரைசானியின் பூப்போட்ட குடையைப் பற்றி அவள் ஒரு நாள் முழுக்கப் பேசியதும் உண்டு. ஆசை யாரை விட்டது? ஆனால் துரைசானியின் குடை துரைசானிக்குத்தான். அது நமக்கு இல்லையே என்று என் தாயார் ஏங்கினாளே தவிர, வெட்கப்படவில்லை. இந்த வேற்றுமை எனக்கு இந்தத் தடவை ஊருக்குப் போனபோதுதான் உறைத்தது.

தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, ரயில் பிடித்து, வண்டி கட்டி ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிறு. கோவிலுக்குள் காலை வைத்ததும் வேறு ஊர்க் கோவிலுக்கு வந்துவிட்டோமோ என்று திகைத்தேன். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் பாயில்தான் உட்காருவோம். பனையேறுகிறவர் பிள்ளையும் பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளையும் ஒரே பாயில் முட்டி இடிக்க இருந்து பாடுவதுதான் எங்களுக்குப் பெருமை. இப்போது முன்னால் பாதிக் கோவிலுக்கு நாற்காலி. முழங்கால் மடக்க முடியாத ஒரு வயதான உபதேசியார்தான் முதலில் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிவரச் செய்தாராம். பிறகு முழங்கால் நன்றாய் மடங்குகிறவர்களுக்கும் வலி வந்துவிட்டது. பினாங்கிலும் ரங்கூனிலும் பிழைக்கப் போனவர்கள் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பின்சுவரை ஒட்டித்தான் போட்டார்களாம். நாற்காலி வாங்கிப் பின்னால் இருப்பதற்கு யாருக்கு மனம் வரும்? முன்னால் வந்தன. வாராவாரம் தூக்கிச் சுமக்க முடியாமல், முதுகில் பேர் எழுதிக் கோவிலிலேயே விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பாயில் இருந்த நான் போதகர் ஐயரைப் பார்க்கவில்லை, ஆராதனை முடிகிற வரைக்கும் அந்தப் பேர்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை பாக்கியம் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவன் இயேசுவடியானுக்குக் கொஞ்சம் வாழைத் தோட்டமும் பத்துப் பனையும் உண்டு. மனிதன் தங்கக் கட்டி. பிரசங்கத்தில் தூங்குவான், பாட்டுக்கு மட்டும் விழித்து, சுருதி சேராமல் எல்லாருக்கும் மேலே பாடுவான். இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பாக்கியம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அக்கா, அத்தான்கிட்ட சொல்லி இவுகளுக்குக் கிட்டங்கியில ஒரு வேலை பாத்துக் குடு. நீ போம்போதே கூட்டிட்டுப் போயிரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, உனக்கு இங்கன என்ன குறை? தோட்டம் இருக்கு, புருசன் பக்கத்துல இருக்காரு. போதும்ங்கிற மனசு வேணும்டி."

"குறை ஒண்ணும் இல்ல. எல்லாரும் அதத்தான் சொல்லுதாக. ஐயரு நாற்காலியில இருந்துக்கிட்டுச் சொல்லுதாரு. நீ கொழும்புல இருந்துக்கிட்டுச் சொல்லுத. பாயில இருக்கவ ஒருத்தியாவது வந்து எனக்குச் சொன்னாளா, கேளு."

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறை சபை முழுவதும் சேர்ந்து ஆக்கிச் சேர்ந்து உண்பதை அசனம் என்போம். தரையில் வரிசையாக இலை போட்டு, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் உட்காருவது அதன் முறை. இந்த வருஷ அசனத்தில் நாற்காலிக்காரர்களுக்கு மேசை போட்டிருக்கிறார்கள். பாக்கியம் தரையில் தன் இலையின் முன் உட்கார்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டை போர்டிங்கில் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அன்னம்மாள், இப்போது புருஷன் பினாங்கில் இருக்கிறவள், மேசையில் இருந்தபடி திரும்பி, "பாக்கியம், செத்த தண்ணி கொண்டாயேன்" என்றாளாம்.

"நான் எழும்பிக் கொண்டு போய்க் குடுத்தேன்க்கா" என்றாள் பாக்கியம். "அவ கெட்ட எண்ணத்துல சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. நான் கீழ இருந்தேன், எழும்புதவ நாந்தான்னு அவளுக்கே தோணிப் போச்சு. எனக்கும் தோணிப் போச்சு."

துரைசானியின் குடை என் தாயாரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லையே. இல்லாமை அன்றைக்கும் இருந்தது. ஆனால் அது ஊருக்கே பொதுவாய் இருந்ததால் யாரும் அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது அது கூடப் படித்தவளின் முகத்தோடு ஞாயிறுதோறும் முன்னால் வந்து உட்காருகிறது. இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலி வந்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் வரவில்லை, ஏனென்றால் என் வீட்டு மேசையும் திரைச்சீலையும் என்னவாயின என்று எனக்குத் தெரியும். அவளோடு சேர்ந்து மீன் ஆய்ந்தேன்.

இயேசுவடியானாவது மறுப்பான் என்று நம்பித் தோட்டத்துக்குப் போனேன். மண்வெட்டியால் மடையை வெட்டி வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். "நீங்க போவ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவள நான் சமாதானம் பண்ணுதேன்" என்றேன்.

அவன் மண்வெட்டியை மடையில் ஊன்றினான். "மதினி, எனக்கு இங்கன ஒரு குறையும் இல்ல. பாயி சொகமாத்தான் இருக்கு, தூக்கமும் நல்லா வருது. ஆனா அவ மொகத்தப் பாத்துக்கிட்டு, எனக்கு மட்டும் குறையில்லாம எப்படி இருக்கது? போய்ட்டு வாரேன். ஒரு நாற்காலிதான."

நாங்களும் இரண்டு மூன்று வருஷம்தானே என்று சொல்லித்தான் கப்பலேறினோம். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப நீங்க என்ன மதினி திரும்பி வரல?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை எனக்கே பதில் சொல்லிக்கொள்ளவில்லை. கிட்டங்கியில் ஆள் தேவைப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சரி, கூட்டிப் போகிறேன் என்று பாக்கியத்திடம் சொன்னேன். அவள் மகிழ்ந்து கூத்தாடவில்லை. அவன் வேட்டிகளை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

புறப்படுவதற்கு முந்திய நாள் ஞாயிறு. கோவிலில் பாக்கியத்தின் பக்கத்தில் பாயில் உட்காரப் போனேன். அவள் என் முழங்கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நீ இங்கன இருக்காத" என்றாள் தணிந்த குரலில். "போன வாரம் நீ பாயில இருந்ததப் பாத்துட்டு, கொழும்புக்காரிக்கு என்ன தாழ்மன்னு உன்னத்தான் மெச்சுதாக. தெனம் இருக்க எங்கள யாரு மெச்சுதா?"

விலகினேன். முன்னால் பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் அருகில் போனதும் அன்னம்மாள் அன்பாகச் சிரித்து, அதன் முதுகில் இருந்த பேரைத் தொட்டுக் காட்டினாள். "வாங்கக்கா, சொகமா இருக்கியளா? இதுக்கு ஆளு உண்டு, இப்ப வந்துருவாக." ஞானஸ்நானம் பெற்ற கோவில், கல்யாணம் நடந்த கோவில். பேர் எழுதிய நாற்காலி ஒன்று எனக்கு அங்கே இல்லை. திரும்பிப் பாய்க்குப் போனால் பாக்கியம் என்ன நினைப்பாளோ என்று பயம். பக்கச்சுவர் ஓரமாக, நாற்காலிகள் முடிந்து பாய்கள் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டேன்.

முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்களும் பாயில் இருந்தவர்களும் ஒரே உயரத்தில் நின்றார்கள். இயேசுவடியான் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் மேலே சுருதி சேராமல் பாடினான். பாக்கியம் அவனையே பார்த்தபடி, உதட்டைக்கூட அசைக்காமல் நின்றாள். பாட்டு இன்னும் நான்கு சரணம் நீளக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது. முடிந்துவிட்டது. முன்னால் நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன, பின்னால் பாய்கள் சரசரத்தன. எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.