பதினொன்றாம் கட்டில் புலாவ்

“வீட்டுல சோறு உதிரியா, குழைவா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்த என் மாமனார், வலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதெல்லாம் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அரிசி சமாசாரம் போதும் என்றார் இவர். அரிசியை ஊறவைப்பீர்களா, கழுவியதும் போடுவீர்களா, அடிப்பிடித்ததை யார் சுரண்டித் தின்பது என்று விசாரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மாமனார் வலியை மறந்து, அடிப்பிடித்த சோற்றுக்காகத் தன் தம்பியோடு கட்டிப்புரண்ட கதையை என்னிடம் ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரம் கேட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியின் சமையல்காரர் அவர். ஐம்பத்திரண்டு வயது. தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, முழங்கை வரை எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள், ஏதோ வாக்குவாதத்தில் பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி ஒரு நடை. எல்லோருக்கும் அவர் ‘புலாவ் அக்கா’. அவரைவிட இருபது வயது பெரியவரான என் மாமனாரும் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

வாரத்தில் இரண்டு நாள் அங்கே புலாவ். ஆனால் போன தடவை சாப்பிட்டது இந்தத் தடவை வராது. ஏதாவது ஒரு நோயாளியின் வீட்டு முறைப்படி வைப்பார். இருநூறு பேரும் அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும். நாலாம் கட்டில்காரர் வீட்டில் அரிசியை வேகவைத்து வடித்து மறுபடி தம் போடுவார்களாம். ஏழாம் கட்டில் அம்மாவுக்குச் சேமியாவை உடைத்து வறுத்துப் போட்டால்தான் அது புலாவ். இன்னொருவருக்குத் தக்காளி இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்காது. புலாவ், பிலாவ், பலாவ், பொலோ என்று ஆளுக்கொரு பெயர் வேறு. திராட்சையும் பாதாமும் போட்ட அன்று என் மாமனார், “சாப்பாடா, பலகாரமா இது?” என்று முகத்தைச் சுளித்தார். சுளித்தவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்.

அக்காவுக்கு இதில் அசைக்க முடியாத ஒரு சித்தாந்தம் இருந்தது. “அரிசியை நெய்யில பொரட்டணும், அளந்து தண்ணி விடணும், மூடணும். மூணே வேலை. மீதியெல்லாம் அவங்கவங்க அம்மாவோட பிடிவாதம்.” வடிப்பவர்கள் வீட்டு முறையிலும் திருட்டுத்தனமாக அரிசியைப் புரட்டிவிட்டுத்தான் வடித்தார் என்று அவருடைய நாத்தனார் என்னிடம் போட்டுக் கொடுத்தாள். காய் நறுக்குவது அந்த நாத்தனார்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பங்கரை, இருவருக்கும் ஒரு நிமிஷம் ஒத்துப்போகாது. ஆனால் ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கு அன்று உப்பு கூடிவிடும். சமையல்கூடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சுதான் பதினெட்டு நாளும் என் ஜாகை என்பதால், சண்டை ஒன்றுவிடாமல் காதில் விழுந்தது.

நான் வந்த இரண்டாம் வாரத்தில் பதினொன்றாம் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஏதோ தொழிற்சாலையில் வேலைக்கு வந்த இடத்தில் குடல் ஆபரேஷன். பார்க்க வருவார் யாருமில்லை. அவள் பாஷை அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. போனில் பிடித்த மொழிபெயர்ப்பாளர் விசாரித்துவிட்டு, பசிக்கவில்லை என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை என்றார். வந்த தட்டெல்லாம் வந்தபடியே திரும்பியது. காயம் ஆற மறுத்தது. டாக்டர் எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று நாளில் வாய்வழியாகச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியே குழாய் விடுவதாகவும் சொன்னார்.

குழாய் என்றதும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய அம்மா கடைசி இரண்டு மாதம் அப்படித்தான் கிடந்தாராம். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நாத்தனார்தான் சொன்னாள். “அண்ணி வச்ச சோத்தை அத்தை ஒரு வாய்கூடத் திங்காமப் போயிட்டாங்க.”

முதல் நாள் நெய் மணக்க ஒரு சின்னச் சட்டியில் தனியாகப் புலாவ் வைத்துக் கொண்டுபோனார். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அக்கா ஒரு தட்டில் கடையே பரப்பினார். ஒரு பிடி அரிசி, வெங்காயம், தக்காளி, கேரட், கொண்டைக்கடலை, திராட்சை, சீரகம், உரிக்காத முழுப் பூண்டு. கட்டிலில் வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வெகு நேரம் கழித்து அந்தப் பெண் ஒரு விரலால் கேரட்டை முன்னால் தள்ளினாள். பிறகு பூண்டை. திராட்சையைத் தொட்டு, யோசித்து, விட்டுவிட்டாள். அக்கா தாழ்வாரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்ததைப் பார்த்தவர்கள், யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேரட் புலாவ் தயாரானது. நாத்தனார் மெஷினில் கேரட்டைத் துருவிக் கொடுத்தாள். அக்கா பூண்டை நசுக்கி, அரிசியை நெய்யில் புரட்டி, கிளறி இறக்கினார். பார்க்கச் செக்கச்செவேலென்று அழகாக இருந்தது. அந்தப் பெண் ஸ்பூனால் ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், அவளுடைய முகம் கோணியது. தட்டைத் தள்ளிவிட்டாள். ஆறு மணிக்குக் குழாய் என்று நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

அக்கா திரும்பி வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். முப்பது வருஷம் கரண்டி பிடித்து என்ன பிரயோஜனம் என்று நாத்தனாரிடம் கேட்டார். நாத்தனார் பதிலுக்குச் சண்டை போடவில்லை. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

அப்போதுதான் தாழ்வாரத்தில் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பதினொன்றாம் கட்டில்! ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் ஸ்டாண்டு, இன்னொரு கையில் அந்தத் தட்டு. பத்தடிக்கு ஒரு தரம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கோபமாக வந்துகொண்டிருந்தாள். பத்து நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவளுக்குக் கோபம் வந்திருந்தது! சமையல்கூட வாசலில் நின்று, தட்டிலிருந்து துருவிய கேரட்டை இரண்டு விரலால் தூக்கி அக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஏதோ சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும் வசவு எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

தண்ணீர் வெளியே வராமலிருக்க அங்கே வாசலில் சிமெண்டுத் தடுப்பு ஒன்று உண்டு. ஸ்டாண்டு அதைத் தாண்டவில்லை. அக்கா பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றித் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளை உள்ளே விட்டார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியைக் கேட்டு வாங்கினாள். கேரட்டைத் தீக்குச்சி போல நீளநீளமாக நறுக்கிக் காட்டி, மீதியை நாத்தனாரிடம் தள்ளினாள். “மெஷினு இருக்கறப்ப இது என்ன தலையெழுத்து” என்று முனகிக்கொண்டே நாத்தனார் நறுக்கினாள். எண்ணெயில் வெங்காயம் கருகும் முன்பு கேரட், சீரகம், கடலை, தண்ணீர். அப்புறம் அரிசி. அரிசியை அவள் புரட்டவில்லை. ஊறியதை அப்படியே மேலே பரப்பி, நடுவில் முழுப் பூண்டைக் குத்திவைத்தாள். அக்காவுக்குத் தாங்கவில்லை. ஒரு கை பாட்டிலோடு மேலே. சும்மா இருந்த இன்னொரு கை துறுதுறுவென்று கரண்டியை எடுத்துவிட்டது. அந்தப் பெண் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். முப்பது வருஷத்தில் அந்தச் சமையல்கூடத்தில் அக்காவை அடித்த முதல் ஆள் அவள்தான். நாத்தனார் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த கேரட் கீழே கொட்டியது. அக்காவும் சிரித்தார். கரண்டியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

மூடி திறந்தபோது மணி ஐந்தே முக்கால். அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், அடியிலிருந்து மஞ்சள் ஏறி நின்றது. அந்தப் பெண் தட்டில் போட்டுக்கொண்டு ஊதி ஊதி ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். பூண்டைப் பிதுக்கிச் சோற்றில் பிசைந்துகொண்டாள். ஸ்பூனை எப்போதோ கீழே வைத்துவிட்டாள்.

கட்டிலில் ஆளைக் காணாமல் தேடி வந்த நர்ஸ், திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு சீட்டை எடுத்து ஆறு மணி என்று எழுதியிருந்ததை அடித்தாள். டாக்டரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். அண்ணாந்து பார்த்தவள், கிட்டே வந்து குளுக்கோஸ் குழாயின் திருகை மூடினாள்.

“அக்கா, பாட்டில் தீர்ந்துபோச்சு. கையை இறக்குங்க.”

அக்காவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பதினொன்றாம் கட்டில் தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். அவள் வழித்து முடிக்கும்வரை அக்கா அந்தக் காலிப் பாட்டிலை உயரத் தூக்கியே பிடித்திருந்தார்.