துஷ்டிக்கு லீவு

நான் பஸ் ஏறும் நிறுத்தத்தில், நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை இருக்கிறது. அதில் செத்துப்போனவர்களின் பெயரை ஒட்டுகிறார்கள். வெள்ளைத் தாள், கறுப்புக் கரை, பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு என்கிற விவரம். 'க்ளெப்சிட்ரா' என்கிறார்கள். படம் கிடையாது, கண்ணீர் அஞ்சலி கிடையாது, கீழே மைத்துனர்கள் பேரன் பேத்திகள் பட்டியலும் கிடையாது. போலந்தின் கிழக்கு மூலையில் உள்ள இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில் பெயரையும் வயதையும் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எண்பத்தொன்று, எழுபத்தாறு, தொண்ணூறு. இளவட்டங்கள் எல்லாம் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான நான் இங்கே மெத்தை தைக்கிற ஃபேக்டரியில் நிற்கிறேன். இந்த ஊர் ஆட்களுக்கு உடம்பு வளையாது என்று எங்கள் மேனேஜர் ஒருநாள் சொன்னார், அவரும் இதே ஊர்க்காரர்தான். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை என்னைப் பற்றியே நான் கேட்டிருக்கிறேன், ராஜபாளையத்தில்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஓடுகிற மிஷினில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. தலைமுடி, இமை, மூக்குத் துவாரம் எல்லாம் பஞ்சு. வேலைக்கு நான் அஞ்சியதே இல்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவை நாங்கள் துஷ்டி என்போம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வருத்தப்பட்டு விட்டுவிடுவார்கள். துஷ்டிக்குப் போகாதவனோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும், நாளைக்கு அவன் வாசலில் எட்டிப் பார்க்க ஆள் வராது. கூமாப்பட்டியில் என் பெரியப்பா முறைக்காரர் ஒருவர் தவறிப்போனார். லீவு கேட்டபோது ஆபீஸில் இருந்தவர், இந்த வருஷத்தில் இது எத்தனையாவது பெரியப்பா என்றார். மூன்றாவது. பொய்யில்லை, எங்கள் தாத்தாக்கள் பெற்றுப் போட்டது அப்படி. லீவு தரவில்லை. நான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் மிஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார்.

சூப்பர்வைசர் குருசாமி எங்கள் தெருக்காரர், எனக்கு மாமா முறை. என்னை கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். ஒளிக்காமல் பேசினார்.

"ஏலே, கோவப்படாத. ஒனக்கு கூமாப்பட்டில இருந்து அய்யனார் கோவில் வரைக்கும் சொந்தக்காரன். தேருக்கு லீவு, பூக்குழிக்கு லீவு, துஷ்டிக்கு லீவு. அவனுக்கு இங்க யாருல சாவப் போறா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் எனக்கு விளங்கிப்போயிற்று. உள்ளூர்க்காரன் சோம்பேறி, குடிகாரன், அதனால்தான் வடக்கே இருந்து ஆள் கொண்டுவருகிறார்கள் என்று நம்மவர்களே உட்கார்ந்து பேசுகிறீர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்கள் வாயில் மண் விழ! முதலாளிக்கு வேண்டியது ஊரில் யாரும் சாகாத ஆள். மில்லுக்குள்ளேயே படுத்து, மில்லுக்குள்ளேயே எழுந்து, கேட்டுக்கு வெளியே ஒருவரையும் தெரியாத ஆள். என் இடத்தைப் பறித்தவர் என்று அந்த ஒடிசாக்காரரை நான் வெறுக்கப் பார்த்தேன். பிகாஷ் என்று பெயர். மாதம் இரண்டு கழித்து அதே டீக்கடையில் அவர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அண்ணா, அப்பா செத்துப்போச்சு. லீவு இல்ல சொல்றாங்க," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

அவருக்கும் சாவு உண்டு, இங்கே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் நானே ஏஜெண்ட் மூலம் இங்கே வந்து பிகாஷ் ஆகிவிட்டேன்.

இங்கே என் தையல் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஹலினா என்ற அம்மா நின்றார். அறுபதைத் தாண்டியவர். உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் கொண்டுவந்து எனக்கும் ஒன்று தருவார். நான் எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தேன். முகத்தை அஷ்டகோணலாக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாளும் கையை நீட்டினார். மூன்று வருஷம் நாங்கள் பேசியது கொஞ்சம்தான். மெத்தை உறையின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். போன மாதம் இரண்டு வாரமாக அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் திங்கள்கிழமை காலை, பஸ் நிறுத்தத்துப் பலகையில் அவர் பெயரைப் படித்தேன்.

நேரே மேனேஜரிடம் போய் புதன்கிழமை லீவு கேட்டேன். லீவுக்கு இங்கே 'உர்லோப்' என்று பெயர். நான் அதுவரை உச்சரித்தே இராத சொல். அவர் கைப்பேசியில் பேச, அது மொழிபெயர்த்துத் தமிழில் கேட்டது: "இறந்தவர் தங்கள் குடும்ப உறுப்பினரா?" அத்தை முறை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ராஜபாளையத்தில் மூன்று பெரியப்பாவை நம்பவில்லை, போலந்தில் ஒரு அத்தையை நம்புவார்களா? இல்லை, எதிர்ப்பக்கம் நின்றவர் என்றேன். அவர் சிரித்தார். நீ லீவு கேட்காதவன் என்பதால்தானே உன்னைப் பிடித்திருக்கிறது, புதன்கிழமை ஆர்டர் போகவேண்டும், முடியாது என்றார். அவர் மேசையில் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் தாள் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் இந்த நாட்டில் இருக்க முடியாது. அதைத் தொட்டுக் காட்டி, யோசித்துக்கொள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

போனேன். கல்லறைப் பூ இங்கே செவ்வந்தி. மெத்தை தைக்கும் நூலில் அதைத் தொடுத்து மாலையாக்கி எடுத்துப்போனேன். எல்லோரும் கண்ணாடிக் குடுவையில் மெழுகுவத்தி வைக்க, நான் மாலை போட்டேன். ஊரே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று நின்றேன். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அவர் மகள் ஆனியா என் கையைப் பிடித்து, எல்லோரும் சாப்பிடப் போகிறோம், நீயும் வா என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு அவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். என்ன தவறு செய்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். துஷ்டி வீட்டில் போய்வருகிறேன் என்று எங்கள் பக்கம் சொல்வதில்லை, அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும் என்று விளக்கினேன். அவள் சிரித்தாள், உடனே அழுதாள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. அம்மாவோடு அவளும் அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தவளாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது இரண்டு தடவை லீவு கேட்டாளாம். மூன்றாவது தடவை வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

"நீ நிற்கிற இடத்தில்தான் நான் நின்றேன்," என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. பிகாஷ் அந்த டீக்கடையில் ஏன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

அறைக்கு வந்து துணியோடு குளியலறைக்குள் போய்த் தலை முழுகினேன். துவட்டிக்கொண்டிருக்கும்போது என் மனைவி செல்வி கூப்பிட்டாள். குருசாமி மாமா போன வாரம் தவறிவிட்டார், நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

"ஒங்களுக்கும் சேத்து நான் போயிட்டு வந்துட்டேங்க. போஸ்டர்ல ஒங்க பேரும் போட்டிருக்கு," என்றாள்.

படம் அனுப்பினாள். மருமகன்கள் வரிசையில் என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போலந்து. யாரு சாவப் போறா என்று கேட்டாரே மாமா. அழுதேன்.

மறுநாள் மேனேஜர் ஒன்றும் கத்தவில்லை. அடுத்த மாதம் கொலம்பியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், லீவு கேட்கமாட்டார்கள் என்று மட்டும் கைப்பேசி தமிழில் சொன்னது. மூன்று வருஷம் பொறுங்கள், அவர்களும் கேட்பார்கள் என்றேன். இதை எழுதும் இன்றுவரை தாளில் கையெழுத்து விழவில்லை. காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஹலினாவின் தாள் பனியில் நனைந்து ஒரு முனை பிரிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். அனுப்புவதென்றால் அனுப்பட்டும். எனக்கு இந்த ஊரிலும் ஒரு துஷ்டி விழுந்துவிட்டது, இனி என்னை அனுப்பினால் உள்ளூர்க்காரனாகத்தான் அனுப்ப வேண்டும்.