வாள்காரன் திறக்காத கதவு

1. டி.வி.யை விட்டு வந்த நாள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடைக்கு மெக்கானிக் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடை முதலாளி ஒரு சீனர். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மலாய், பாதி தமிழ், நடுநடுவே இங்கிலீஷ் என்று கலந்து, எங்கள் எல்லாரையும் போலப் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்த்துப் பேசுவார்.

முதல் நாள் என்னை ஒரு மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார். திரையில் படம் மேலும் கீழும் உருண்டுகொண்டிருந்தது. நான் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். மானிட்டர், பவர் சப்ளை, கேம் இருக்கும் போர்டு. அவ்வளவுதான்.

"டி.வி. மாதிரிதான் லா குணா. பயப்படாதே" என்றார் தவுக்கே. "ஆனா டி.வி. கெட்டுப்போனா ஒரு வீட்டுக்காரன்தான் திட்டுவான். இது கெட்டுப்போனா கிள்ளானே திட்டும்."

படத்தைச் சரிசெய்து கொடுத்தேன். அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்.

2. பெயர் தெரியாத கேம்

அந்த மெஷினில் ஓடிய ஜப்பான் கேமின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒருவன் வாளோடு நடந்து போவான். அதனால் கடையில் அதற்கு வாள்காரன் என்று பெயர் வந்துவிட்டது. காடு, ஆறு, தொங்குபாலம், கோட்டை என்று கடந்து, கடைசியில் ஒரு பெரிய பூதத்தை வெட்டிப் போட்டுவிட்டு வாள்காரன் மலைமேல் ஏறுவான். அங்கே ஒரு சிவப்புக் கதவு இருக்கும். வாளை உறையில் போடுவான். கதவில் கையை வைப்பான். திரை இருண்டுவிடும். ஜப்பான் எழுத்தில் இரண்டு வரி வரும். கேம் முடிந்தது.

கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கடையில் பேச்சு. பெரிய பேச்சுக்காரர் முனியாண்டி அண்ணன். போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டுபவர்.

"செத்தது சின்ன பூதம் லா. அவன் அப்பன் உள்ள இருக்கான்" என்பார்.

"அப்படின்னா வாளை ஏன் அண்ணே உள்ள போடுறான்?" என்று கேட்பாள் தனம். "அங்க அவன் வீடு இருக்கு. வீட்டுக்குப் போறவன்தான் வாளை உள்ள போடுவான்."

தனம் சுங்கை வேயில் எலக்ட்ரானிக் சிப் செய்யும் பேக்டரியில் ஆபரேட்டர். பேக்டரி பஸ் எங்கள் கடைக்கு எதிரில்தான் இறக்கிவிடும். யூனிபார்மோடு நேராக உள்ளே வருவாள். அந்தக் காலத்தில் பெண்கள் அந்தக் கடைக்குள் வருவது அபூர்வம். முதல் தடவை பார்த்தபோது தம்பியைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விளையாட டோக்கன் கேட்டாள்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன், "ஏன் தனம், வேற கேமே விளையாட மாட்டியா?"

"நாள் முழுக்க மைக்ராஸ்கோப்ல சிப்பைப் பாத்துட்டு வரேன் அண்ணே. கண்ணு குறுகிப் போகுது. இதுல தூரத்துல மலை தெரியுது. அதைப் பாத்தா போதும்."

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. தவுக்கே பெருமையாகப் பழைய போர்டைக் கழற்றிப் புதுசைப் போடச் சொன்னார். வாள்காரனுக்குப் பச்சைச் சட்டை, புதுசாக ஒரு குதிரை. காடு அதே காடு, பாலமும் அதே பாலம். மலைமேல் போனான், கதவில் கையை வைத்தான், திரை இருண்டது.

"சரி லா, அடுத்ததுல திறந்துடுவான்" என்றார் முனியாண்டி அண்ணன். எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

3. உடைந்த கண்ணாடி

மூன்றாம் பாகம் வந்த சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. தனம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள்தான் முதலில் கடைசிக் கட்டம்வரை போனாள். பின்னால் நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இந்த முறை வாள்காரனுக்கு நீலச் சட்டை. பூதத்துக்கு இரண்டு கொம்பு கூடுதல். மலை ஏறினான். வாளை உள்ளே போட்டான். கதவில் கையை வைத்தான்.

திரை இருண்டது.

முனியாண்டி அண்ணன் முன்னால் வந்து திரைக் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"மூனு வருஷமா ஏமாத்துறானுங்க! சட்டையை மாத்தினா புது கேமா? நாங்க என்ன மடையனுங்களா?"

தவுக்கே கல்லாவிலிருந்து ஓடி வந்தார். "ஓய்! மெஷின் என்ன பண்ணுச்சு? வெளிய போ! வாள்காரன் கூட்டம் எல்லாம் வெளிய போ!"

கூட்டம் கலைந்தது. தனம் மட்டும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க பேக்டரியிலயும் இதேதான் அண்ணே" என்றாள். "எனக்கு லைன் லீடர் வேலை அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்றாங்க. கேக்கப் போனா புது கலர்ல யூனிபார்ம் குடுக்குறாங்க."

கண்ணாடியை மாற்றும்போது தவுக்கே என் பக்கத்தில் வந்து நின்றார். "நாலாவது போர்டு வருது. கோலாலம்பூர்ல போர்டு விக்கிற ஏஜென்ட் ட்ரெய்னிங் வைக்கிறான். கம்பனியிலேருந்து ஜப்பான் இன்ஜினியர் வரான். நீ போ. அவன்கிட்டயே கேளு, கதவு திறக்குமா திறக்காதா. இல்லாட்டி இந்த மெஷினை வித்துடுவேன்."

இதைத் தனத்திடம் சொன்னேன். உடனே சொன்னாள்: "நானும் வரேன் அண்ணே. லீவு போடுறேன்."

4. ஜப்பான்காரர் சொன்னது

மினிபஸ்ஸில் போகும்போது தனம் தன் கேள்வியை இங்கிலீஷில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். ஏஜென்ட் கடையில் அவளை என் அசிஸ்டென்ட் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன்.

இன்ஜினியர் ஒல்லியான மனிதர், முடி நரைத்திருந்தது. காலை முழுக்க போர்டைப் பற்றிச் சொன்னார். எந்தச் சிப் எதற்கு, சூடானால் எது முதலில் போகும் என்றெல்லாம். ஏஜென்ட் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். டீ குடிக்க விட்டபோது தனம் நேராக அவரிடம் போனாள்.

"சார், அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. ஏஜென்ட் விளக்கியதும் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். முதல் பாகத்தைச் செய்த ஆட்களில் தானும் ஒருவர் என்றார்.

"ஒன்றுமில்லை" என்றார். "கதை இன்னும் இருந்தது. ஆனால் சிப் நிறைந்துவிட்டது. ஒரு படம் போடக்கூட இடமில்லை. எங்காவது நிறுத்த வேண்டும். அதனால் ஒரு கதவை வரைந்தோம்."

தனம் கையில் டீ கப் அப்படியே இருந்தது. நாள் முழுக்கச் சிப்பைப் பார்க்கிறவளுக்கு அந்தப் பதில் யாரும் விளக்காமலே புரிந்தது.

"இப்போ பெரிய சிப் வந்துடுச்சே சார். இப்போ திறக்கலாமே?"

"நானும் கேட்டேன். திறந்தால் கதை முடிந்துவிடும், பிறகு யார் வாங்குவார்கள் என்று மேலே சொன்னார்கள். இரண்டு தடவை கேட்டேன். என்னை சர்வீஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள்."

"அப்போ வாளை ஏன் உள்ள போடுறான்?"

அவர் கப்பை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். ஏஜென்ட் மாற்றிச் சொல்லவும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அதை நான்தான் வரைந்தேன். அந்த மாதங்களில் நாங்கள் ஆபீஸிலேயே படுத்துக் கிடந்தோம். அவனாவது வீட்டுக்குப் போகட்டும் என்று தோன்றியது."

தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேனே என்று கண் சொன்னது. அவரிடம் 'தேங்க்யூ சார்' என்று மட்டும் சொன்னாள். அவர் குனிந்து வணங்கினார். இவளும் பதற்றத்தில் கைகூப்பிக் கும்பிட்டாள்.

திரும்பி வரும்போது பெடரல் ஹைவேயில் நல்ல மழை. தனம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒன்னுமே இல்லன்னு தெரிஞ்சும் எனக்கு உள்ள போகணும் போல இருக்கு அண்ணே" என்றாள். "பைத்தியமா லா எனக்கு?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "மழை நிக்கட்டும், இறங்கி டீ சாப்பிடலாம்" என்றேன்.

கடையில் எல்லாருக்கும் தனமே விஷயத்தைச் சொன்னாள். முனியாண்டி அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஜப்பான்காரன் ரகசியத்தை வெளிய விடுவானா? உன்னை ஏமாத்திட்டான் லா" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் வழக்கமான சத்தம் இல்லை.

சில மாதம் கழித்துத் தனம் பேக்டரி வேலையை விட்டாள். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், சுபாங் ஜெயாவில் ஒரு ஆபீஸில் சேர்ந்தாள். சொல்லிவிட்டுப் போக வந்தவள் மெஷின் பக்கம் போகவில்லை. வாசலிலேயே நின்று பேசினாள்.

"நாலாவது வந்தா எனக்கு சொல்லாதீங்க அண்ணே. சொன்னா வந்துடுவேன்."

5. சத்தமில்லாத சனிக்கிழமை

மெஷினை விற்றுவிடுவேன் என்ற தவுக்கே, மனசு வராமல் நான்காவது போர்டையும் வாங்கிவிட்டார். நானே மாட்டினேன். ஒரு சால்டரிங்கூடத் தப்பில்லை, படம் பளிச்சென்று இருந்தது. வாள்காரனுக்கு இந்த முறை சிவப்புச் சட்டை. தனத்துக்கு நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து பேர்கூட வரவில்லை. முனியாண்டி அண்ணன் வந்தார். ஒரே ஒரு டோக்கன் வாங்கினார். அவசரப்படாமல் விளையாடிக் கடைசிவரை போனார். வாள்காரன் கதவில் கையை வைத்தான். திரை இருண்டது. நான் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். "சரி தம்பி, லோரி வெயில்ல நிக்குது" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவே இல்லை.

தவுக்கேவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா குணா, இந்தத் தடவை ஒருத்தன்கூட சத்தம் போடல. ஜப்பான்காரன் நல்லா செஞ்சிட்டான்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாம் பாகத்தின்போது அவ்வளவு திட்டினார்களே, அவர்கள் எல்லாரும் அந்தக் கேமின்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். இப்போது யாருக்கும் கோபம் இல்லை. எதிர்பார்க்கிறவனுக்குத்தானே கோபம் வரும்?

எந்தத் தொழிலில் இருந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்துகிற வாடிக்கையாளர் இன்னும் உங்கள் கடையில்தான் நிற்கிறார். அவர் பேச்சை நிறுத்தும் நாளுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு அது தெரிந்தது அந்தச் சனிக்கிழமைதான். மத்தியானம் முழுக்க நன்றாக ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது உள்ளே வந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.