ஓடு வரை எட்டாத சுவர்

மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூருக்கு இந்தப் பக்கம், ஒரு சோளக்காட்டில் பாதியை அழித்துக் கட்டிய லைன் வீட்டில்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். ஒரே நீளக் கூரை. அதன் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். இடைச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அங்கிருந்து ஓடு வரைக்கும் வெறும் வெளி. செங்கல் மிச்சம் பிடிக்கத்தான், இடத்துக்குச் சொந்தக்காரரான தோட்டத்துக்காரர் அப்படிக் கட்டினார். எங்களிடம் சொன்னது, "காத்தோட்டமா இருக்குமுங்க."

அந்த வெளியில் இரண்டு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குண்டு பல்பு தொங்கும். ஸ்விட்ச் பக்கத்து வீட்டில். அவர்கள் போட்டால் எங்களுக்கும் வெளிச்சம், அணைத்தால் எங்களுக்கும் இருட்டு.

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் நூல் நூற்கிற பிரிவில் வேலை பார்த்தார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பெருந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் மழை பொய்த்து, இருந்த வீடும் இடிந்துபோன பிறகு வந்தோம். மில் வாசலில் நாளுக்கு நாள் ஆள் கூடிக்கொண்டிருந்த காலம். படுக்க ஓர் அறை கிடைத்ததே மாரியாத்தா புண்ணியம் என்று நினைத்தேன்.

பக்கத்து அறை அக்காவின் வீட்டுக்காரர் அதே மில்லில் மேஸ்திரி. அக்கா என்னைவிட மூத்தவள், வாய் ஓயாதவள். நான் ரசத்துக்குத் தாளித்தால் அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "எங்கூட்டுக் கொழம்புக்குக் கடுகு வேண்டியதில்ல கண்ணு, உன்றது பறந்து வந்து உழுந்துபோச்சு." அவளுக்கு ஒரே பையன், எனக்கு ஒரே மகள். இரண்டும் ஒரே தட்டில் தின்று ஒரே புழுதியில் புரண்டவை.

குடி வந்த அன்றே தோட்டத்துக்காரர் ஒரு சட்டம் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மை கண்டால் அன்றைக்கே காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும். எங்களுக்கு முன்னால் கடைசி அறையில் ஒரு குடும்பத்துக்கு அம்மை கண்டு, சுகாதார ஆட்கள் வந்து மருந்து தெளிக்க, பயந்துபோய்ப் பாதி லைன் காலியாகிவிட்டதாம். அந்தக் குடும்பத்தைச் சட்டிபானையோடு வெளியே வைத்துக் கதவைப் பூட்டினார். ரோட்டோரப் புளியமரத்தடியில் கிடந்து அங்கேயே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார்கள் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். தோட்டத்துக்காரர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்லுவார். எங்களுக்கோ ஊரில் போய் ஒண்ட ஒரு கூரை கிடையாது.

அந்த வருஷம் மிச்சச் சோளக்காட்டையும் சைட் போட்டு விற்க ஆரம்பித்தார். பயிரை வெட்டிக் கல் நட்டார்கள். பெண்கள் ஒதுங்கப் போன மறைவெல்லாம் வெட்டவெளியாயிற்று. காட்டுக்கு மோட்டார் ஓடியவரை எங்களுக்கும் வாய்க்காலில் தண்ணீர் கிடைத்தது. காடு போனதும் மோட்டாரை நிறுத்திவிட்டார். கிணற்றில் கயிறு போட்டு இழுத்துக் கை தோலுரிந்தது. டவுனிலிருந்து காரில் ஆட்கள் இடம் பார்க்க வரும்போது, கொடியில் காயும் எங்கள் துணிகளை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்புவார்.

கோடை வெயில் ஏறிய நேரம், என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நெற்றியில் முத்து முத்தாக எழும்பியது. ஆத்தா வந்துவிட்டாள். அதை வியாதி என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. காடு இருந்த காலத்தில், தடுப்பு ஊசி போட அம்மை குத்துகிறவர் வந்தபோது லைனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தோம், ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று. அவள் வந்தபோது ஒளிய இடமில்லை.

அவள் வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வெடிக்கிற ஒவ்வொரு கடுகும் பிள்ளையின் உடம்பில் ஒரு முத்தாக எழும்பும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கூழும் மோரும்தான் சாப்பாடு. மகளுக்குச் சளிக்காய்ச்சல் என்று லைனில் சொல்லிவைத்தோம். என் வீட்டுக்காரர் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசிக்குள் வேப்பிலையை அமுக்கி மூடி எடுத்துவந்தார். அதைப் பரப்பி மகளைப் படுக்கவைத்தேன். அவள் முனகினால் சத்தம் வெளியே போகாதிருக்க, ஒன்றும் போடாமலே ஆட்டுக்கல்லைச் சுற்றுவேன்.

இரண்டு நாள் போயிருக்கும். சுவருக்கு மேலே அக்காவின் குரல் வந்தது.

"ஏன் கண்ணு, உங்கூட்டுத் தாளிப்பு வாசமே காணமே?"

எண்ணெய் தீர்ந்துபோச்சுங்க அக்கா என்று சொல்லிவைத்தேன். பிறகு சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் கிண்ணம் நிறையக் கடலை எண்ணெய்.

"இந்தா புடி. எண்ணெ இல்லாத சோத்தத் தின்னா உம்பட ஊட்டுக்காரரு மில்லு நூலாட்ட அந்து போவாரு."

சிரிக்க வேண்டுமே என்று சிரித்தேன். பையன் எங்கே, சத்தமே காணோம் என்று பேச்சை மாற்றினேன். சோமனூரில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான், தறி ஓட்டப் பார்க்கிறானாம் என்றாள்.

எண்ணெய் கைக்கு வந்துவிட்டது. இனித் தாளிக்காமல் இருக்க முடியாது. அன்று பொழுதோடு, இருட்டுகிற நேரத்தில், மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாணலியை வைத்தேன். ஆத்தா, இது உனக்குச் செய்கிறது இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்துக்குச் செய்கிறது என்று சொல்லிக்கொண்டே கடுகைப் போட்டேன். அது வெடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் தாளித்தேன். மகள் உடம்பில் முத்து சேர்ந்து சேர்ந்து, கண் திறக்க முடியாமல் போயிற்று. என் வயிற்றெரிச்சலுக்கு, அந்தப் பக்கத்தில் அக்கா மூன்று வேளையும் தாளித்தாள். வெங்காயம், மிளகாய், கருவேப்பிலை எல்லாம் போட்டு, லைன் முழுக்க நெடி ஏறும்படி தாளித்தாள். இங்கே என் பிள்ளை வெந்து கிடக்கிறாள், உனக்கு நாக்கு கேட்கிறதா என்று மனசுக்குள் சபித்தேன். எந்நேரமும் உரலில் எதையோ இடித்துக்கொண்டும் இருந்தாள். ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. பொழுது இறங்கியும் அவர்கள் விளக்குப் போடவில்லை. வெளிச்சம் பட்டாலே மகள் துடித்ததால், அதற்காக மட்டும் அக்காவை வாழ்த்தினேன்.

ஒருநாள் உச்சி வெயிலில் இடிக்கிற சத்தம் நின்றது. ஆண்கள் இருவரும் ஷிப்டில் இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். அவள் குரலை அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"கண்ணு, எனி நீ எனக்காகத் தாளிக்க வேண்டியதில்ல. நானும் தாளிக்க மாட்டேன்."

ஆட்டுக்கல்லின் மேல் ஏறிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். பையன் சோமனூருக்குப் போகவில்லை. வேப்பிலை மேல் கிடந்தான். முகம் அடையாளம் தெரியவில்லை. உயிர் போய்விட்டிருந்தது. பக்கத்தில் அவள் உலக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உரலில் ஒன்றுமில்லை. வெறும் உரல். அவன் முனகலை நான் கேட்கக் கூடாதென்று அவள் இடித்திருக்கிறாள். என் மகளின் முனகலை அவள் கேட்கக் கூடாதென்று நான் ஆட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவள் தாளிப்பைப் பற்றிக் கேட்டது துணை தேடித்தானோ என்னவோ. எண்ணெய் இல்லை என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

எனக்கு அழுகை பொங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுவாதே. அழுதா உன்னையும் வெளிய போட்டுருவாங்க. எறங்கு கண்ணு."

நான் இறங்கிய பிறகுதான் அவள் தன் கதவைத் திறந்துவைத்து வாய்விட்டு அழுதாள்.

மில்லுக்கு ஆள் போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தது. தோட்டத்துக்காரரும் வந்தார். காரில் இடம் பார்க்க வந்தவர்கள் கல் நட்ட காட்டில் குடை பிடித்து நின்றிருந்த நேரம் அது. அவர் வாசற்படிக்கு எட்டவே நின்றுகொண்டார்.

"ஆனது ஆயிப்போச்சுங்க. சத்தம் மட்டும் வேண்டாமுங்க, சைட் பாக்க ஆளு வந்திருக்கறாங்க. பொழுதெறங்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க."

பறையோ பாடையோ கூடாது என்றார். மேஸ்திரி பையனை வேட்டியில் சுற்றித் தூக்கியபோது பக்கத்தில் வந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுப் பக்கம் வராமல் பின்னால் வாய்க்கால் வழியாகவே போய்விடும்படி தணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் அப்படியே செய்தார். பொழுதுக்கும் நூறு பேரை அதட்டி வேலை வாங்கும் மேஸ்திரி, பிள்ளையின் தலை தொங்காமல் உள்ளங்கையால் தாங்கியபடி காய்ந்த வாய்க்காலில் இறங்கி நடந்தார். லைனில் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்தி அவரவர் வாசலில் நின்றார்கள். நானும் நின்றேன். எனக்குப் பின்னால் சாத்திய கதவுக்குள் என் மகள் கிடந்தாள்.

தோட்டத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்கூட்டுல எப்படீங்க அம்மணி? கொழந்தையக் கொஞ்ச நாளாக் காணமுங்களே."

நான் கதவை மறைத்து நகர்ந்து நின்றேன். சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவிய ஊட்டுல ஒண்ணுமில்லீங்க. நித்தமும் தாளிக்கறா. எனக்குத்தானே மொதல்ல வாசம் வரும்."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே வாய்க்காலில் இறங்கினாள். ஆத்தா இருக்கிற வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. அவளும் சொல்லவில்லை. பிறகு அவர்களை நான் பார்க்கவேயில்லை.

என் மகள் பிழைத்தாள். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் கடுகு வெடித்தது, ஆத்தா ஒன்றை எடுத்தாள், ஒன்றை விட்டாள். ஏன் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பங்குனிக்குப் பங்குனி ஆத்தா கோயிலுக்குத் தண்ணீர் எடுக்கும்போது இரண்டு குடம் எடுக்கிறேன். அந்த அறைக்குப் புதுக் குடித்தனம் வைக்கும் முன் தோட்டத்துக்காரர் இடைச்சுவரை ஓடு வரைக்கும் எழுப்பிவிட்டார். காற்று போச்சு, வெளிச்சமும் போச்சு. லைன் மட்டும் இன்னும் இரண்டு வரிசை கூடிற்று.

அக்கா போன அன்று பொழுதோடு தோட்டத்துக்காரர் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சுண்ணாம்பு அடிக்கிறவர்களை எதிர்பார்த்து. ஸ்விட்ச் போட அந்தப் பக்கம் யாருமில்லை. அடுப்பில் பருத்திமார்க் குச்சி எரிகிற வெளிச்சத்தில் வாணலியை வைத்து, அக்கா கொடுத்த எண்ணெயில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். மகள் சத்தத்துக்கு நெளிந்தாள். கடுகைப் போட்டேன், வெடித்தது.

"நல்ல வாசமுங்க அம்மணி," என்றார் அவர் வெளியிலிருந்து. "ரசமுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.