அம்மா வாசித்த உலகச் செய்திகள்

குக்கர் விசிலுக்கும், அண்ணனூர் பணிமனைக்குள் திரும்பும் மின்ரயிலின் நீண்ட கிறீச்சொலிக்கும் நடுவே, ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கும் அம்மாவின் குரல் கேட்டால், எங்கள் வீட்டில் மாலை மணி ஐந்தரை ஆகிவிட்டது என்று பொருள். சமையலறை மேடையின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு விரிந்திருக்கும். சாம்பாருக்குப் புளி கரைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எல்லை வேலியருகே திரண்டவர்கள் மீது", "எல்லை வேலியருகே திரண்ட மக்கள் மீது", "எல்லை வேலியருகே கூடியிருந்தவர்கள் மீது" என்று அவர் மாற்றி மாற்றிச் சொல்வதை, கணக்குப் பாடம் போடுகிற பாவனையில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. திருமுல்லைவாயிலில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. அம்மா வீட்டில் டியூஷன் எடுத்தார். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் விவிலியத்தின் முதல் வாசகம் வாசிப்பதும் அம்மாதான். கோயில் திருவிழா ஒன்றில் ஒலிபெருக்கியில் அவர் அறிவிப்புச் செய்ததைக் கேட்ட கேபிள் தணிகாசலம், மறுநாளே வீட்டுக்கு வந்து, தன் உள்ளூர் சேனலில் செய்தி வாசிக்க முடியுமா என்று கேட்டார். இரும்புக்கடை மாடியில் ஓர் அறை, பின்னால் நீலத் துணி, சத்தம் வரும் என்பதால் நிறுத்தி வைக்கப்பட்ட மின்விசிறி, ஒரு கேமரா, அதுதான் நிலையம். மாலை ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடம். குடிநீர் வாரியம், ரேஷன் கடை, காணாமல் போனவர்கள் எல்லாம் முதல் பத்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் உலகச் செய்திகள். உலகச் செய்தி எதற்கு என்று தணிகாசலத்துக்கே தெரியாது. பெரிய சேனல்களில் இருக்கிறது, நம்மிடமும் இருக்கட்டும் என்பதே அவர் கணக்கு. அதை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதி எடுத்துப்போகும் பொறுப்பும் அம்மாவுக்கே வந்து சேர்ந்தது.

அந்த வருடம், காஸாவில் வெள்ளிக்கிழமைதோறும் மக்கள் எல்லை வேலியை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். வெள்ளிக்கிழமை நடந்தது சனிக்கிழமை அம்மாவின் நோட்டுக்கு வரும். கல், எரியும் டயர், கண்ணீர்ப் புகை, துப்பாக்கிச் சூடு, பலி, காயம். வாரந்தோறும் அதே சொற்கள், எண்கள் மட்டும் மாறும். சனிக்கிழமை செய்தியில் "இஸ்ரேல் ராணுவம்" என்று வாசிக்கும் அம்மா, மறுநாள் காலை கோயிலில் "இஸ்ரயேல் மக்களே, கேளுங்கள்" என்று வாசிப்பார். இரண்டும் ஒன்றா என்று ஒருமுறை கேட்டேன். "பேர் ஒண்ணு. அதுக்காக அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காத. கோயில்ல வாசிக்கிறத நம்பி வாசிக்கிறேன். இங்க விசாரிச்சு வாசிக்கிறேன்" என்றார்.

எங்கள் தெருவில் அம்மாவுக்கு "நூசம்மா" என்று பெயர் விழுந்தது. வைத்தவர் கீரை விற்கும் கன்னியம்மாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையை இறக்கி வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா நூசம்மா, இந்த வாரம் அங்க எத்தினி பேரு?" என்பதுதான். கிரிக்கெட்டில் எத்தனை ரன் என்று கேட்பதுபோல அது இருக்கும். கன்னியம்மாளிடம் கள்ளம் ஒன்றும் இல்லை. அம்மா வாசித்தது எண்ணைத்தான், அவர் கேட்டதும் எண்ணைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்விக்கு "நாலு" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்த அம்மா, முளைக்கீரைக் கட்டை மேடையில் போட்டுவிட்டு, நோட்டில் சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, அந்த எண்ணைத் திரும்பப் படித்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நோட்டின் போக்கு மாறியது. இறந்தவர்களில் ஒருவருடைய பெயரும் வயதும் தொழிலும் எங்காவது கிடைக்கிறதா என்று, அப்பாவின் கைப்பேசியில் நாலைந்து ஆங்கிலச் செய்திகளைப் புரட்டித் தேடுவார். "மோதல்" என்ற சொல்லை அடித்துவிட்டார். "யார் கையில என்ன இருந்துச்சோ அத அப்படியே சொல்லிட்டாப் போவுது, மோதல்னு எதுக்கு மூடி வைக்கணும்?" என்பார். வேலிக்குக் காஸா புறமிருந்து தீப்பற்ற வைத்துப் பறக்கவிட்ட பட்டங்களால் இஸ்ரேல் புறம் கோதுமை வயல்கள் எரிந்ததையும் வாசித்தார். ஒருநாள் இஸ்ரேல் ஊர் ஒன்றில் ராக்கெட் விழுந்து இறந்துபோன முதியவரின் பெயரையும், அவர் மின்சார வேலை செய்தவர் என்பதையும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கைவைத்து, "இன்னா டீச்சர், அவங்களுக்கும் சேத்து அழுவுறீங்க?" என்று கேட்டார். "அவங்க வீட்லயும் இன்னைக்கு அடுப்பு எரிஞ்சிருக்காதே" என்று சொல்லிவிட்டு அம்மா துணி உலர்த்தப் போய்விட்டார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். போகாதே என்று அப்பா சொல்லியும் கேட்காமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுத உட்கார்ந்தவர், பாதியில் கண் எரிகிறது என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். "கடைசிப் பத்திய மட்டும் நீ எழுதும்மா. நாலே வரிதான்." ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். எவ்வளவு பெருமையாக அந்தப் பேனாவை வாங்கினேன் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஊர்வலக் கூட்டத்தில் காப்பி விற்கப்போன சமீர் என்ற இருபத்திரண்டு வயது இளைஞனைப் பற்றிய பத்தி அது. குண்டு பாய்ந்து கிடந்தவனைத் தூக்கிச் சென்றார்கள். 'ஃபியர்டு டெட்', அதாவது இறந்திருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது, என்று இருந்தது. அஞ்சினார்களோ, யார் அஞ்சினார்களோ, கடைசியில் அவன் செத்துத்தானே போனான் என்று எனக்குத் தோன்றியது. "இறந்தார்" என்று எழுதினேன். கையெழுத்தை மட்டும் அழகாக எழுதினேன். அம்மா மறுபடி சரிபார்க்காமல் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய், அதை அப்படியே வாசித்துவிட்டார்.

மறுநாள் கன்னியம்மாள் எண் கேட்கவில்லை. கூடையை இறக்காமலே நின்று, "அந்தக் காப்பிக்காரப் புள்ள போய்ட்டானே நூசம்மா. நம்ம டேசனாண்ட கேனு வெச்சிகினு டீ விக்குதே, அதே வயசு" என்றார். பூசையில், மன்றாட்டு வேளையில், தையல் கடை ரீட்டா அக்கா எழுந்து சமீரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்தார். கோயில் முழுவதும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை செய்தி எழுத உட்கார்ந்த அம்மா, கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமைப் பக்கம் திறந்திருந்தது. சமீருக்கு இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, ஒரு காலை எடுத்துவிட்டார்கள், உயிர் இருந்தது.

"ஃபியர்டுங்கிற வார்த்தைய எங்க விட்டே?"

"அது முக்கியம்னு தோணலம்மா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீ எழுதினத நான் படிச்சுப் பாத்திருக்கணும். வாசிச்சது என் வாய்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தணிகாசலத்துக்குப் போன் போட்டார்.

போனின் ஒலிபெருக்கியில் தணிகாசலம் பேசியது சமையலறை முழுவதும் கேட்டது. "டீச்சர், காஸாவுலேர்ந்து எவனும் நம்ம கேபிள பாத்துகினு இல்ல. உட்டுடுங்க. ஒருவாட்டி தப்புன்னு நம்ம வாயாலயே சொல்லிட்டா, நாளைக்கு ரேஷன்ல அரிசி போடுறான்னாக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான். எம் பொழப்பு இது."

"சாகாதவனுக்கு நம்ம கோயில்ல செபம் பண்ணிட்டாங்க, தணிகாசலம்."

"அது வேண்டாம்னு நான் சொல்றேன் டீச்சர். அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்று அவர் வைத்துவிட்டார். அது இஷ்டம் இல்லை, எச்சரிக்கை என்பது எனக்கே புரிந்தது. அந்த வேலையும் நூசம்மா என்ற பெயரும் அம்மாவுக்கு எவ்வளவு பெரியவை என்பது வீட்டில் எங்கள் மூவருக்கும் தெரியும். போன் பேச்சைக் கேட்டு வாசலிலிருந்து உள்ளே வந்த அப்பா, அயர்ன் பண்ணி வைத்திருந்த சுங்குடிப் புடவையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார்.

ஏழு மணிக்கு நானும் அப்பாவும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். குடிநீர் வாரியம் போயிற்று, ரேஷன் போயிற்று. உலகச் செய்திகள் என்றதும் அம்மா நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கிழமை இந்த நிகழ்ச்சியில், காஸா எல்லையில் குண்டடிபட்ட சமீர் என்ற இளைஞர் இறந்துவிட்டதாக வாசித்தேன். அது தவறு. அவர் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறார். தவறு என்னுடையது. அவருக்காக வருந்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "டேய், பொயச்சிக்கினான்டா!" அதைத் தொடர்ந்து இன்னொரு வீட்டில் கைதட்டல். ரீட்டா அக்கா தையல் அளவுநாடா கழுத்தில் தொங்க, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து, "உயிரோட இருக்கானாம், கேட்டீங்களா?" என்று வழியில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கடல்களுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவன் சாகவில்லை என்பதற்காக எங்கள் தெரு அன்றைக்குச் சிரித்தது. தப்புச் சொன்னாளே என்று அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை.

தணிகாசலத்துக்கு மட்டும் கோபம் தணியவில்லை. இரண்டு நாள் வரவேண்டாம் என்று சொல்லி, ஏழு மணிக்குப் பழைய பாட்டுப் போட்டார். மூன்றாம் நாள் அவரே எங்கள் கேட்டருகே வந்து நின்றார். "போன் எடுத்து மாளல டீச்சர். அந்தப் பையனுக்கு இப்போ எப்டி கீது, எப்டி கீதுன்றானுங்க. நான் இன்னா டாக்டரா? வந்து நீங்களே சொல்லுங்க."

"வர்றேன். ஆனா தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

அப்படியே சொன்னார். சமீரைப் பற்றி அதன்பின் எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து வாசித்தார். மூன்றாவது சனிக்கிழமை அந்த வேலியருகே வேறு பெயர்கள் வந்துவிட்டன.

இப்போது அந்த இரும்புக்கடை மாடியில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். தணிகாசலம் கேபிள் தொழிலை விட்டுவிட்டுச் செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கி விற்கிறார். தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு நாளைக்கு நூறு செய்திகள் வருகின்றன, எதையும் யாரும் தவறு என்று திரும்பப் பெற்று நான் பார்த்ததில்லை. காஸா மண்ணில் அதன்பிறகு நடந்தவை, எந்த ஐந்து நிமிடத்திலும் பெயர் சொல்லி முடிக்க இயலாதவை. சமீரைப் பற்றிய அந்தப் பத்தியை எழுதியது யார் என்று அம்மா அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் இதைக் கட்டுரையாக எழுதி, முதலில் அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாகப் படித்தார். அந்தப் பத்தியை எழுதியது நான்தான் என்ற வரியை அப்படியே விட்டுவிட்டார். அன்று மாலை கேமரா முன் அவர் பயப்படவே இல்லை என்று பெருமையோடு ஒரு வரி வைத்திருந்தேன். அதை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: "பயந்தேன். கை நடுங்கியது. மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்."