அக்காவுக்கு ஒத்துக்கொண்ட ஃபோலேட்

மருந்துக்கடை நடத்தும் சக பாவிகளே, நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் உடம்புக்கு மருந்து கேட்பதில்லை, வீட்டில் இன்னொருவருக்கு வேலை செய்த மருந்தைக் கேட்கிறார்கள். இருபது வருடம் வெளிநாட்டு மருந்தகத்தில் இருந்துவிட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் கடை போட்ட எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியான மயக்கம்

மூன்று மணிக்குத் தெருவில் சாயம் ஏற்றிய பட்டுநூல் கழிகள் காயும். அந்தச் சிவப்பு கடைக் கண்ணாடியில் படிந்து, மாத்திரை அட்டைகள்கூட லேசாக வெட்கப்படுவதுபோல் இருக்கும். அப்படியொரு வேளையில் செல்வி வந்தாள். நாள் தள்ளி ஒரு வாரம். போன வருடம் ஒரு கரு கலைந்திருந்ததால், டாக்டர் முன்கூட்டியே சாதாரண ஃபோலிக் ஆசிட் எழுதியிருந்தார். போன மாதம் நான்தான் கொடுத்தேன்.

இப்போது அவள் மாதிரிக்கு நீட்டியது வேறொரு காலி அட்டை. அதே சத்தின் மெத்தில் வகை ஃபோலேட், விலை கூடியது, அவள் அக்கா தேவகிக்கு எழுதியது. நான் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. ஒசத்தியான சரக்குதானே என்று எடுத்து நீட்டினேன். அவள் சிரித்தாள்.

"ஒரே தாய் வயித்துல பொறந்தவங்கக்கா. அவளுக்கு ஒத்துக்கினது எனக்கு ஒத்துக்காதா?"

நாலாம் நாள்

தறியில் ஓடித் தீர்ந்த பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதுதான் செல்வியின் வேலை. ஆயிரக்கணக்கான இழை, நடுங்காத விரல் வேண்டும். நாலாம் நாள் வந்தபோது விரல் தந்தியடித்தது. தூக்கமில்லை, படபடப்பு, தொட்டதற்கெல்லாம் கோபம். கண் மட்டும் எங்கோ மிதந்தது.

"நெஞ்சுக்குள்ள யாரோ தறி அடிச்சிக்கினே இருக்கறாங்கக்கா. மாத்திரையே வேணாம்னு எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிற வாரங்கள். ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தவே கூடாத நாட்கள் இவைதான்.

டாக்டர் முன்னால்

கடையைச் சாத்திவிட்டு, செல்வியையும் சாயம் போடும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். செய்ததை நானே சொன்னேன்.

ஃபோலேட்டைக் கையாளும் மரபணு ஆளுக்கு ஆள் மாறும், கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் மாறும் என்றார் அவர். செல்வியின் படபடப்புக்கு அதுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாதாம். பழைய மாத்திரையையே இன்றைக்கே தொடங்கு என்றார். நான் கொண்டுபோன மாத்திரையைச் செல்வி உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். பயம்.

புருஷன்தான் பேசினான். "ஒரே தொட்டியில முக்கினாலும் ரெண்டு கழி ஒரே மாதிரி கலர் புடிக்கிதா? உங்க அக்கா கழி வேற, நீ வேறம்மா. முழுங்கு."

முழுங்கினாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"மேடம், வெளிநாட்டுல சீட்டு கேக்காமலேயா குடுத்தீங்க?"

அஞ்சாம் மாதம்

இரண்டு மூன்று நாளில் படபடப்பு அடங்கியது. என்னுடையது அடங்கவில்லை. அஞ்சாம் மாத ஸ்கேன் முடிந்து செல்வி கடைப் படியேறும்வரை, அந்த நாலு நாட்கள் என் மத்தியானங்களுக்குள் மிதந்துகொண்டே இருந்தன.

முதுகெலும்பு முத்துக் கோர்த்தமாதிரி இருக்கிறதாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்து டானிக் ஒன்றைச் சும்மாவே எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சீட்டப் பாத்து எழுதினத மட்டும் குடுங்கக்கா. உங்க நல்ல மனசப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்குது."

மருந்துகளோடு இருபது வருடம் வாழ்ந்த எனக்கு, இப்போது துளியும் சந்தேகமில்லாமல் செய்ய வருகிற ஒரே வேலை, கையை நீட்டிச் சீட்டு கேட்பது.